டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். வருஷக் கடைசிக் கணக்கு, ஆடிட், பெண்ணுக்குப் பரீட்சை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். விட்டால் இனி எப்போதும் எழுதமாட்டேன் என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பாழடைந்த கட்டடங்களைப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. இங்கே மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால் பிர்கத் அல் மவுஸ் என்று ஓர் ஊர். கீழே பேரீச்சையும் வாழையுமாகத் தோட்டம், மேலே மலைச்சரிவில் ஆளில்லாத மண் வீடுகள். கூரை விழுந்து, ஜன்னல் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை அங்கே வைத்து என் மகள் கேட்டாள். "நம்ம ஊர்ல இந்த மாதிரி இடமே இல்லையாப்பா?"

"ஏன் இல்ல? உங்கப்பா ஊர் பழைய பஸ் ஸ்டாண்டைக் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லு" என்றார் வீட்டம்மா. அவருக்குப் பொள்ளாச்சி. எனக்குப் போடிநாயக்கனூர். பதினெட்டு வருஷமாக இந்த எல்லைத் தகராறு நடந்துகொண்டிருக்கிறது.

சிரித்துவிட்டாலும் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. அதனால் 2023 ஜூலை விடுமுறைக்குப் போனபோது, கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாலக்காட்டு எல்லையில் ஓர் இடம், இடுக்கி எல்லையில் ஓர் இடம். இரண்டுமே ரயில் சம்பந்தப்பட்டவை. இரண்டிலும் இப்போது ரயில் கிடையாது.

முதலில் பரம்பிக்குளம். பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் சிலிப் என்று நம் பக்கம் வந்துதான் போகவேண்டும். டாப் சிலிப் என்ற பெயரே ஒரு தொழிற்கூடப் பெயர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சறுக்கிவிட்ட இடம். அந்தப் பக்கம் கொச்சி ராஜ்யத்துக்காரர்கள் சறுக்கிவிடவில்லை, ரயில் போட்டார்கள். 1907-இல் ஓடத் தொடங்கிய கொச்சி வன டிராம்வே. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தேக்கும் ஈட்டியும் இந்தக் காட்டிலிருந்து சாலக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து பெரிய ரயிலில் ஏறிப் போயின.

இதில் எனக்குப் பிடித்தது சரிவுகளை அவர்கள் சமாளித்த விதம். செங்குத்தான இடங்களில் எஞ்சின் இழுக்காது. அங்கே மேலே ஓர் உருளையில் இரும்புக் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரம் இறங்கும்போது அந்த இழுப்பிலேயே காலி வண்டி மேலே ஏறிவிடும். எங்கள் பாஷையில் சொன்னால் பற்றும் வரவும் ஒரே நேரத்தில் :-)

ஆனால் மொத்தக் கணக்கில் பற்று வரவு அவ்வளவு அழகாக இல்லை. பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போனது, லாரிகள் வந்துவிட்டன, 1963-இல் மூடிவிட்டார்கள். இரும்பெல்லாம் போய்விட்டது. காட்டுக்குள் மிச்சமிருப்பதைப் பார்க்க வனத்துறையின் அனுமதியும் கூடவே வழிகாட்டியும் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கன்னிமாரா தேக்கைப் போய்ப் பார்க்க மட்டும்தான். கை கோத்துக் கட்டிப்பிடிக்க ஐந்தாறு பேர் தேவைப்படும் மரம். அதைப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் ஏன் வெட்டாமல் விட்டார்கள்?" என்று மகள் கேட்டாள். வழிகாட்டி ஒரு கதை சொன்னார். வெட்டியபோது ரத்தம் வந்ததாம். கும்பிட்டு விட்டுவிட்டார்களாம்.

சரி, என் ஊர்ப் பக்கம் வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. சின்னாறு தாண்டும்வரை வெயில். மறையூர் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது, மூணாறில் இருந்த நான்கு நாளும் விடவில்லை. மூணாறில் என் மாமா மகன் ஜீப் ஓட்டுகிறான். சுற்றுலாக்காரர்களை டாப் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் பிழைப்பு.

"எல்லாரும் கேக்குற மொதக் கேள்வி என்ன தெரியுமா மாப்ள?" என்றான். "டாப் ஸ்டேஷன்ங்கிறீங்களே, ரயில் எங்கேன்னு."

நியாயமான கேள்விதானே? மூணாறிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், தமிழ்நாட்டு எல்லை விளிம்பில், மேகம் காலுக்குக் கீழே நிற்கும் இடம். தண்டவாளம் இல்லை, சிக்னல் இல்லை (கைபேசிக்கும் இல்லை). பெயரில் மட்டும் ஸ்டேஷன்.

கதையை 1877-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் ஜூலை 11-ஆம் தேதி, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குப் பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலையை எழுதிக்கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், வருஷக் குத்தகை 3,000 ரூபாய். மலையின் பரப்பு சுமார் 227 சதுர மைல். வணிகவியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு ஒரு வருஷத்துக்கு ஓர் அணாவில் மூன்றில் ஒரு பங்கு! இந்த விலைக்கு என்னால்கூட ஒரு மலை வாங்கியிருக்க முடியும்.

காப்பி, சிங்கோனா என்று பலதையும் நட்டுப் பார்த்துவிட்டு, 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலையை நட்டார். அது பிடித்துக்கொண்டது. 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி. காட்டை வெட்டித் தோட்டம் போட ஆள் வேண்டும். கங்காணிகள் நம் பக்கத்துச் சமவெளிக்கு இறங்கினார்கள், முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்த முன்பணக் கதையை ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் வந்திருக்கிறது, 'பரதேசி' படமும் வந்தது. அதனால் அதை விரிக்கவில்லை.

இலை விளைந்துவிட்டது. மலையை விட்டு எப்படி இறக்குவது? 1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். ஆமாம், மோனோரயில்! சென்னையில் வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லி வராமலே போனதே, அது எங்கள் மலையில் 120 வருஷத்துக்கு முன்பே ஓடியிருக்கிறது. எஞ்சின்தான் கொஞ்சம் வித்தியாசம். மாடு! ஈவிங் முறை என்று பெயர். ஒரே தண்டவாளத்தின் மேல் சின்னச் சக்கரங்கள், பாரத்தின் பெரும்பகுதி அதன் மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வரும். இதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியதன் எஞ்சின் டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நீராவி எஞ்சின்.

1908-இல் மாட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டடி அகலக் குறுகிய பாதையாக மாற்றி, நீராவி எஞ்சின் கொண்டுவந்தார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அங்கிருந்து கீழே தண்டவாளம் போட முடியாது, மலை அப்படியே அறுந்து விழுகிறது. ஆகவே ரோப்வே. கம்பியில் தொங்கியபடி பெட்டிகள் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பேர். நடுவில் குரங்கணிக்கு மேலே ஒரு நிறுத்தம், அதுதான் சென்ட்ரல் ஸ்டேஷன். இன்றைக்கும் போடி ஒன்றியத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. சென்னைக்காரர்களிடம் "எங்க ஊர்லயும் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கு" என்று சொல்லி நான் நிறைய பந்தயம் ஜெயித்திருக்கிறேன்.

கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் பதினைந்து கிலோமீட்டர், போடிநாயக்கனூர். அப்புறம்?

இங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. இணையத்தில் எதைத் திறந்தாலும், போடியிலிருந்து ரயிலில் ஏற்றித் துறைமுகம் போய் அங்கிருந்து கப்பலில் லண்டன் போனது என்றுதான் இருக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது. ஆனால் மதுரை - போடி ரயில் பாதை திறக்கப்பட்டது 1928-இல்! குண்டளை ரயில் அழிந்துபோய் நான்கு வருஷம் கழித்து. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக்குக் கிட்டத்து ரயிலடி என்றால் அம்மையநாயக்கனூர்தான், அதாவது இன்றைய கொடைரோடு. போடியிலிருந்து தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக எண்பது கிலோமீட்டர் போல வரும். அந்தத் தேயிலை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்தத் தூரமும் சாலையில்தான் வந்திருக்க வேண்டும். ரயில் பெருமை பேசுகிற அவசரத்தில் வண்டிக்காரரையும் மாட்டையும் வரலாற்றிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

(எங்கள் போடி ரயிலின் கதையும் சோகம்தான். இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்ப வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை வருஷம். என் மகள் பிறந்து ஏழாம் வகுப்பு வந்துவிட்டாள்.)

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாசம். மலையாளிகள் இன்றைக்கும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே சொல்கிறார்கள். வாரக் கணக்கில் மழை. என் அம்மாச்சி 1929-இல் பிறந்தவர், வெள்ளத்தைப் பார்க்கவில்லை. அவருடைய அம்மா பார்த்தவர். மாட்டுப்பட்டிப் பக்கம் மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது, தண்ணீர் ஏரி மாதிரி நின்றது, பிறகு மொத்தமாக உடைத்துக்கொண்டு வந்தது என்று பாட்டி சொன்னதை அம்மாச்சி எனக்குச் சொல்லியிருக்கிறார். பழைய மூணாறு போயிற்று. ரயில் பாதை, பாலங்கள் எல்லாம் போயின. மாங்குளம், பூயம்குட்டி வழியாக ஆலுவாய்க்குப் போன பழைய சாலையும் போயிற்று. மூணாறில் இப்போது தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகம் இருக்கும் கட்டடம்தான் அந்தக் கால ரயில் நிலையம் என்று காட்டுகிறார்கள். நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் மிச்சம்.

ரயிலைத் திரும்பப் போடவில்லை. மேற்கே நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்தது, 1935-இல் பெரியாற்றின் குறுக்கே பாலம் திறந்தார்கள். கிழக்கே போடியைப் பார்த்துக்கொண்டிருந்த மூணாறுக்குக் கொச்சியை நோக்கி வாசல் திறந்தது. பிறகு 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, தமிழர்கள் அதிகமிருந்த தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் நடந்தது வேறு. அந்தப் பழைய அரசியலை இங்கே கிளறப் போவதில்லை, நம் வீட்டுக் குழந்தைகள் பாதி மலையாளத்தில்தான் கார்ட்டூன் பார்க்கின்றன.

டாப் ஸ்டேஷனில் மழைக்குள் இரண்டு மணி நேரம் அலைந்தேன். உண்ணிச்செடிப் புதருக்குள் கல்கட்டு, துருவேறிய இரும்பு. மூடுபனி விலகும் ஒரு நிமிஷத்துக்குக் கீழே குரங்கணிப் பக்கம் தெரியும். 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் 23 பேர் செத்தது அந்தச் சரிவுகளில்தான். அதற்கப்புறம் மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நாற்பது படம் எடுத்திருப்பேன். நன்றாகத்தான் வந்தன. பாசி படிந்த கல், பின்னால் மேகம். இங்கே நண்பர்களுக்குக் காட்டினால் ஆகா என்பார்கள்.

மறுநாள் மூணாறு கிறிஸ்து ஆலயத்துக்குப் பின்னால் உள்ள கல்லறை மேடு. 1894-இல் காலராவில் இறந்த எலினார் நைட்டின் கல்லறை, எல்லா வழிகாட்டிகளும் காட்டுவது. இங்கிலாந்திலிருந்து கல்யாணமாகி வந்த சின்னப் பெண். இந்த மலையைப் பார்த்துவிட்டு, நான் செத்தால் என்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று விளையாட்டாகச் சொன்னாராம், சில நாளில் செத்தும் போனாராம். கோயில் கட்டியது 1910-11-இல். அதற்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. உருக்கமான கதைதான். நானும் இரண்டு படம் எடுத்தேன்.

ஜீப்புக்குத் திரும்பும்போது மாமா மகன் கேட்டான். "அதே காலராவுல நம்மாளுங்க எத்தனை பேர் போயிருப்பாங்க மாப்ள? அவங்கள எங்க பொதச்சாங்க?"

அவன் படிப்பு பத்தாவதோடு நின்றது. நான் பி.காம்., பிறகு வங்கித் தேர்வுகள். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் அம்மாச்சி இருந்த லயத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பாழடைந்த கட்டடம் தேடி ஒமன் முழுக்கச் சுற்றிய எனக்கு, நான் பள்ளி விடுமுறைகளைக் கழித்த வீட்டைப் படம் எடுக்கும் யோசனை அதுவரை வரவேயில்லை.

அம்மாச்சி நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். எஸ்டேட் பெயர் வேண்டாம். லயம் என்றால் தெரியாதவர்களுக்கு: ஒரே நீளக் கூரை, கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. அடுத்த வீட்டில் இருமினால் நம் வீட்டில் விழிப்பு வரும். காலையில் மஸ்டருக்கு ஓட வேண்டும். நான் போகும்போதெல்லாம் விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் குளிர் நாட்டுக்குப் போய் இறங்கினால் அந்த வாசனையைத்தான் மூக்கு தேடுகிறது.

1987-இல் வயது 58, ஓய்வு. வேலை போனால் வீடும் போகும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது, வேலை செய்கிறவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. வேலை முடிந்தவருக்கு? பிள்ளைகளில் யாராவது அதே தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்தால் வீடு தங்கும். என் மாமா அப்போது ஜீப்புக்குப் போய்விட்டார். அம்மா கல்யாணமாகிப் போடிக்கு வந்துவிட்டார். பணிக்கொடை கைக்கு வர வேண்டுமானால் முதலில் சாவியைக் கொடு என்றார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பித்தளைக் குடம், அம்மிக்கல். அம்மியை எதற்கு மலையிலிருந்து இறக்குகிறாய், போடியில் கிடைக்காதா என்று அப்பா கேட்டாராம். "அது ஒண்ணுதான் நான் காசு குடுத்து வாங்குனது" என்றாராம் அம்மாச்சி.

அதன் பிறகு யாராவது "மூணாறு வீட்டை விட்டு எப்ப வந்தீங்க?" என்று கேட்டால் திருத்துவார். "வீட்டை இல்ல. லைனை விட்டு வந்தேன்."

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது வங்கியில் சேர்ந்த பிறகு. 2004 வாக்கில், மலையடிவாரத்தில் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். போடிப் பக்கம் என்றாலே ஏலக்காய்தான், வியாபாரிகளுக்கு லட்சக் கணக்கில் கொடுப்போம். ஒருநாள் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருக்கிறது, அதற்குள் கீழே இரண்டு சென்ட் வாங்கி ஒரு வீடு கட்ட வேண்டும், கடன் வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: வசிக்கும் வீடு சொந்தமா, வாடகையா? "சொந்தமில்ல சார். வாடகையும் குடுக்கல. ஆனா எங்க அப்பா பொறந்ததும் அந்த வீட்லதான்" என்றார். அதற்கு விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. 'பிற' என்று எழுதினேன். மேலே அனுப்பினேன், மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. ஈடு போதாது, ஓய்வுக்குப் பின் வருமானம் இல்லை. விதிப்படி சரியான முடிவு. கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். என் அம்மாச்சியும் அப்படித்தான் இறங்கி வந்தார் என்பது கையெழுத்துப் போடும்போது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. போட்டேன்.

மாமா மகன் ஜீப்பை ராஜமலைப் பக்கமாகச் சுற்றி எடுத்தான். பெட்டிமுடிக்குப் போக விடமாட்டார்கள், மழை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அங்கே மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர். ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் நிறைய. மின்சாரம் இல்லை, போன் இல்லை, விடிந்துதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது. இவன் மறுநாள் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு போனவன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ராஜமலை விலக்கு தாண்டும்வரை பாட்டை நிறுத்தி வைத்திருந்தான். பிழைத்தவர்களில் சிலருக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுத்தார்கள் என்று மட்டும் பிறகு சொன்னான்.

1924-இல் மலை விழுந்ததும் ரயிலின் கதை எல்லோருக்கும் தெரிகிறது. எத்தனை பாலம், என்ன அகல ரயில், எந்த வருஷம், எல்லாம் நான்கூட மேலே எழுதிவிட்டேன். அன்றைக்கும் அந்தச் சரிவுகளில் லயங்கள் இருந்திருக்கும்தானே?

எங்கள் எஸ்டேட்டுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். லயம் அப்படியே இருந்தது. கூரை மட்டும் புதுத் தகடு. நான் மனதில் வைத்திருந்த படம் வேறு: இடிந்த சுவர், உள்ளே முளைத்த செடி, காலியான அடுப்படி. பிர்கத் அல் மவுஸ் மாதிரி. கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று லென்ஸ்கூட மாற்றிக்கொண்டுதான் ஜீப்பை விட்டு இறங்கினேன். வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மழையில் துணி எங்கே காய, தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கதவு அம்மாச்சியுடையது. ஒரு பெண் வந்து நின்றார். இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. ஜார்க்கண்ட். இப்போது தோட்டங்களில் நம் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம் என்று வருகிறார்கள்.

மாமா மகன் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினான். இவர் பாட்டி இந்த வீட்டில்தான் இருந்தார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். அடுப்படி அதே இடத்தில் இருந்தது. கட்டன் சாயா கொடுத்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். மஸ்கட் என்றேன். ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அடுத்த கேள்வி. இரண்டு என்றேன். அவருக்கு மூன்று. குழந்தை இங்கே பிறந்தது, அம்மா இன்னும் பார்க்கவில்லை.

கழுத்தில் தொங்கிய கேமராவைக் காட்டி ஏதோ சொன்னார். "கொழந்தைய ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமான்னு கேக்குது மாப்ள. அது போன்ல கேமரா ஒடஞ்சிருச்சாம்" என்றான்.

கேமராவில் எடுத்தால் எப்படி அனுப்புவது? அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, என் கைபேசியில் எடுத்தேன். அம்மாவும் பிள்ளையும், பின்னால் நீலப் பெயிண்ட் அடித்த கதவு. ஒன்று சரியாக வரவில்லை, குழந்தை கண்ணை மூடிவிட்டது. மூன்றாவது நன்றாக வந்தது. அவருடைய அம்மாவின் வாட்ஸ்அப் எண்ணை என் போனில் பதிந்துகொண்டேன். லயத்தில் சிக்னல் இல்லை. இறங்கி வரும் வழியில், மாட்டுப்பட்டி அணைக்கட்டுக்கிட்ட வந்தபோதுதான் போயிற்று. ஒரு டிக், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு.